பேப்பரும் பேனாவும் போதும்: செய்தியை வைத்தே கணக்குப் பழகுவது எப்படி

அக்கா மகன் நாகர்கோவிலில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறான். ரயில் பாலத்தைக் கடக்கும் கணக்கு, ரெண்டு குழாய் தொட்டியை நிரப்ப ஒரு குழாய் காலியாக்கும் கணக்கு எல்லாம் அவனுக்கு அரை நிமிட வேலை. ஒரு மழைக்காலக் காலையில் சாயக்கடைப் பெஞ்சில் பேப்பரைப் புரட்டியவன், பேச்சிப்பாறை அணை 40 அடி என்று பார்த்துவிட்டு, "மொத்தம் 48 அடி மாமா, அப்போ 83 சதவீதம் தண்ணி இருக்கு" என்றான். வகுத்தது சரி. சொன்னது தப்பு. தேர்வில் வரும் தொட்டியென்றால் பிடித்திருப்பான், நிஜத் தொட்டி வந்ததும் விட்டுவிட்டான். அவனை என்ன சொல்ல, எனக்கே அது நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தப் பழக்கம். தினமும் செய்தியிலிருந்து ஓர் எண்ணை எடுப்பது, அதைக் கையால் ஒரு தடவை போட்டுப் பார்ப்பது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். எட்டாம் வகுப்புக் கணக்குக்கு மேல் எதுவும் வேண்டாம். பெருக்கல், வகுத்தல், சதவீதம் தெரிந்தால் சரி. தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இது கூடுதல் பயன், ஆனால் உண்மையில் இது ரப்பர் விற்கிறவருக்கும் நகைச்சீட்டு கட்டுகிறவருக்கும்தான் ரொம்பத் தேவை.

முதல் வேலை, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். செல்பேசியில் எழுதி வைப்பேன் என்று சொல்கிறவர்கள் மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள், நானும் விட்டிருக்கிறேன். நோட்டின் உள்ளட்டையில் சில எண்களை எழுதுங்கள். இவைதான் உங்கள் அளவுகோல், புதிதாக ஓர் எண் வந்தால் இதன் பக்கத்தில் வைத்துத்தான் பெரிசா சிறிசா என்று பார்க்கப் போகிறீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்ட மக்கள் 18,70,374 பேர், தமிழ்நாடு 7.21 கோடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதாவது நாற்பது சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. பத்து லட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன். ஒரு கன அடி 28.3 லிட்டர். ஒரு பவுன் 8 கிராம். அதோடு உங்கள் வீட்டு மாத மின்கட்டணம், உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்பது போல உங்களுக்கே நெருக்கமான ரெண்டு மூன்று எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மக்கள்தொகை ஏன் இன்னும் 2011? 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை. இன்றைக்கும் 'ஒரு லட்சம் பேருக்கு இத்தனை' என்று யாராவது சொன்னால், கீழே வகுக்கும் எண் பழைய எண்ணா, அதிலிருந்து கணித்த மதிப்பீடா என்று கேட்பது நியாயம்.

சரி, நோட்டு தயார். எந்தச் செய்தியை எடுப்பது? முதல் மாதம் உள்ளூர்ப் பக்கத்தைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள் என்பேன். தேர்தல் கருத்துக்கணிப்பு, பங்குச்சந்தை இதெல்லாம் பிறகு. அணை நீர்மட்டம், மழை அளவு, தோவாளைப் பூ விலை, ரப்பர் விலை, பவுன் விலை, தேர்வு முடிவு. இவை நமக்குக் கண்ணால் பார்த்துப் பழகிய விஷயங்கள், எண் தப்பாக இருந்தால் வயிற்றிலேயே ஓர் உறுத்தல் வரும்.

எண்ணை எழுதியதும் உடனே கணக்குப் போடாதீர்கள். முதலில் ஊகம். 'இது எவ்வளவு வரும்' என்று தோராயமாக ஒரு விடையை எழுதிவிட்டு அப்புறம் போடுங்கள். ஊகமும் விடையும் பத்து மடங்கு விலகினால் ஒன்று நீங்கள் பூஜ்யத்தை விட்டிருப்பீர்கள், இல்லையென்றால் செய்தி எழுதியவர் விட்டிருப்பார். ரெண்டுமே நடக்கும்.

இனி அந்த அணைக்கே வருவோம், ஏனென்றால் அளவு என்றால் என்ன என்பது முழுக்க அதில் இருக்கிறது.

'48 அடி கொள்ளளவு கொண்ட பேச்சிப்பாறை அணை' என்ற வரியை நம் ஊரில் படிக்காதவர் இருக்க முடியாது. ஆனால் அடி என்பது உயரம், கொள்ளளவு அல்ல. கொள்ளளவைக் கன அடியில்தான் சொல்ல வேண்டும். அணை என்பது மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளம், அடியில் ஒடுக்கம், மேலே போகப்போக அகலம். அடுக்களையில் இருக்கும் வாய் அகன்ற உருளியை எடுத்துப் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு அதை அளந்து பாருங்கள், பாதி உருளிகூட வராது. அணை ஒரு தலைகீழ்க் கூம்பாக இருந்தால், பாதி உயரத்தில் இருப்பது எட்டில் ஒரு பங்குத் தண்ணீர்தான், ஏனென்றால் உயரம் பாதியாகும்போது நீளமும் அகலமும் பாதியாகிவிடுகின்றன, அரை பெருக்கல் அரை பெருக்கல் அரை. அதே கூம்பில் 48-க்கு 40 அடி என்றால் ஆறில் ஐந்து. அதை மூன்று தடவை பெருக்கினால் 216-ல் 125, அதாவது 58 சதவீதம். நிஜ அணை கச்சிதமான கூம்பும் அல்ல, நேர்ச்சுவர்த் தொட்டியும் அல்ல. ஆகவே மருமகன் சொன்ன 83 என்பது உச்சவரம்பு, உண்மை அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது. சரியான விடை தெரியாவிட்டாலும் இந்த எல்லைக்குள்தான் என்று சொல்ல முடிந்ததே, அதுவே பாதி வேலை.

இதிலிருந்து இன்னொன்றும் வரும். 'நிரம்ப இன்னும் எட்டே அடி' என்று படித்தால் சும்மா எட்டடி என்று தோன்றும். ஆனால் அந்த எட்டு அடிதான் அகலமான எட்டு அடி. கூம்புக் கணக்கில் மொத்தத் தண்ணீரில் 42 சதவீதம் அங்கேதான் இருக்கும். கும்பப்பூ என்று நாம் சொல்லும் இரண்டாம் போக நெல்லுக்குத் தண்ணீர் வருமா என்று பார்க்கிறவர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துவைத்திருந்தால் கொஞ்சம் நிதானமாகப் பயப்படலாம், நிதானமாகச் சந்தோஷப்படலாம்.

பக்கத்திலேயே 'விநாடிக்கு 500 கன அடி நீர்வரத்து' என்று இருக்கும். இதில் விநாடிக்கு என்ற சொல்லை விட்டுவிட்டால் எண்ணுக்கே அர்த்தம் கிடையாது. 500 கன அடி என்றால் சுமார் 14,000 லிட்டர், பெரிய தண்ணீர் லாரி ஒன்று 12,000 லிட்டர் பிடிக்கும் என்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு லாரிக்கும் மேல். ஒரு நாள் முழுக்க அப்படியே வந்தால் 86,400-ஐ 500-ஆல் பெருக்குங்கள், 4 கோடியே 32 லட்சம் கன அடி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது இதே வேகத்தில் ஏறக்குறைய 23 நாள். பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்து 'எத்தனை நாள்' என்று ஆக்கிவிட்டால் அது மண்டையில் நிற்கும்.

மழைக் கணக்கு இதைவிட எளிது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், இவ்வளவுதான் சூத்திரம். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி சுமார் 93 சதுர மீட்டர், அதில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 9,300 லிட்டர், மாடியில் வைத்திருக்கிறோமே ஆயிரம் லிட்டர் கருப்புத் தொட்டி, அதில் ஒன்பது நிரம்பும். வானிலைத் துறை 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை என்கிறது, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. இந்த மூன்று எல்லையையும் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கும். சென்டிமீட்டர் என்பதைக் கவனிக்காமல் '95-தானே, கனமழைதானே' என்று என்னிடமே ஒருவர் சொன்னார். அது 950 மில்லிமீட்டர், அதிகனமழை எல்லையைப் போல நாலரை மடங்கு. ஐந்து சென்ட் மனையில் மட்டும் ஏறக்குறைய 1 லட்சத்து 90 ஆயிரம் லிட்டர், பதினாறு லாரித் தண்ணீரை ஒரே மனையில் கவிழ்த்தது போல. அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் படிப்பது, விலாசம் இல்லாத கவரை அஞ்சல் பெட்டியில் போடுவது மாதிரி.

அடுத்தது, எதில் இத்தனை என்று கேட்பது

எந்த எண்ணைப் பார்த்தாலும் அதன் கீழே எதை வைத்து வகுக்க வேண்டும் என்று யோசியுங்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள், நீளம் 77 மீட்டர், செலவு 37 கோடி. 37 கோடியை 77-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 48 லட்சம், அம்மாடி என்று தோன்றும். மாவட்ட மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு 198 ரூபாய், ஒரு குடும்பம் ஒரு தடவை சாயாவும் பழம்பொரியும் சாப்பிடும் செலவு. ஆனால் அது மாநில அரசின் பணம், நம் மாவட்டத்துக்காரர் மட்டும் கொடுத்ததல்ல, அப்படியானால் 7.21 கோடியால் வகுக்க வேண்டும், தலைக்கு 5 ரூபாய் சொச்சம். ஒரே பாலம், 48 லட்சமாகவும் காட்டலாம், 198 ஆகவும் காட்டலாம், 5 ரூபாயாகவும் காட்டலாம். மூன்றும் பொய்யில்லை. எழுதுகிறவர் எந்த எண்ணால் வகுத்தார் என்று பார்த்தாலே அவர் பாலத்துக்கு ஆதரவா எதிர்ப்பா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பாலம் தேவையா இல்லையா என்பதைக் கணக்கு சொல்லாது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 2011-ல் 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம், இதைச் சொல்லாத மேடை கிடையாது. அதை 18.7 லட்சத்தோடு பெருக்கி 'படித்தவர்கள் 17 லட்சம்' என்று சொன்னால் தப்பு. எழுத்தறிவு விகிதத்தை ஏழு வயது நிரம்பியவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடுகிறார்கள், தொட்டில் பிள்ளைகள் அதில் வர மாட்டார்கள்.

பள்ளித் தேர்ச்சி விகிதத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். நூறு சதவீதம் தேர்ச்சி என்று பதாகை வைத்திருக்கும் பள்ளியில் எத்தனை பேர் எழுதினார்கள், ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ரெண்டு எண்ணையும் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையனை, தேற மாட்டான் என்று பயந்து, பள்ளியின் பெயரில் எழுத விடாமல் தனித்தேர்வராக எழுதச் சொன்னார்கள். பதாகை சுத்தமாக இருந்தது. அப்புறம், தேர்ச்சி 95-லிருந்து 96 ஆனால் 'ஒரு சதவீதம் கூடியது' என்பது சரியான பேச்சில்லை, ஒரு சதவீதப் புள்ளி கூடியது. அதே விஷயத்தைத் தோற்றவர்கள் பக்கமிருந்து பாருங்கள், ஐந்து நான்காகியிருக்கிறது, தோல்வி 20 சதவீதம் குறைந்திருக்கிறது. ரெண்டு தலைப்பும் ஒரே முடிவைத்தான் சொல்கின்றன.

தேர்வு என்றதும் குரூப் 4. 2024-ல் முதலில் அறிவித்தது 6,244 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இடத்துக்கு 320 பேர் என்று உடனே கணக்கு வரும், வந்ததும் பாதிப் பேருக்குப் படிக்கிற ஆசை போய்விடும். நிதானமாகப் பாருங்கள், எழுதப் போனவர்கள் 16 லட்சத்துக்கு அருகில், ஆக 256. இடங்களைப் பிறகு கூட்டினார்கள், இன்னும் குறையும். இதையெல்லாம் விட முக்கியம், இது குலுக்கல் சீட்டு அல்ல. 256-ல் ஒன்று என்பது எல்லோரும் ஒரே மாதிரி படித்திருந்தால்தான் பொருந்தும். புத்தகத்தைத் திறக்காதவருக்கு வாய்ப்பு அதைவிட ரொம்பக் குறைவு, ரெண்டு வருடம் படித்தவருக்கு ரொம்ப அதிகம். இதை அக்கா மகனிடம் சொன்னபோது முதல் தடவையாக என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தான்.

விலைச் செய்தியில் பழகும் முறை

தோவாளையில் பிச்சிப்பூ கிலோ 400 ரூபாயாக இருந்து ஓணத்துக்கு முந்திய நாள் 1,000 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர்வு 600, அது 400-ல் 150 சதவீதம். ஓணம் முடிந்து மறுபடி 400-க்கு வந்தால் அதே 600 இறங்கியிருக்கிறது, ஆனால் இப்போது 1,000-ல் 60 சதவீதம். ஏறும்போது 150, இறங்கும்போது 60, பூவோ பழைய விலைக்கே வந்துவிட்டது. சதவீதம் எங்கிருந்து கிளம்பியது என்பதுதான் கதை. 150 சதவீதம் உயர்ந்தது என்றால் இரண்டரை மடங்கு, ஒன்றரை மடங்கு அல்ல. இது அடிக்கடி தவறாக வரும், பேப்பரிலும் வரும், பேசும்போது இன்னும் அதிகமாக வரும்.

பவுனும் அப்படியே. 'ஒரே நாளில் 800 ரூபாய் உயர்வு' என்ற தலைப்பு பவுன் 8,000 விற்ற காலத்தில் வந்திருந்தால் பத்து சதவீதம், கல்யாண வீடு கலங்கியிருக்கும். 80,000 விற்கும்போது வந்தால் ஒரு சதவீதம்.

ரப்பரில் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் இதில் அனுபவமுள்ளவர்களே ஏமாறுகிறோம். 2011 ஏப்ரலில் கிலோ 243 ரூபாய்க்குப் போனது. அதற்கப்புறம் பல வருடம் படுத்துக் கிடந்து, மரத்தை வெட்டிவிட்டு அன்னாசி போட்டவர்களும் உண்டு, 2024 ஆகஸ்டில்தான் அந்த உயரத்தைத் தாண்டியது. வரலாறு காணாத விலை என்று எல்லோரும் எழுதினார்கள். ரூபாயில் பார்த்தால் உண்மை. ஆனால் அந்தப் பதின்மூன்று வருடத்தில் நாட்டின் பொது விலைவாசி ஏறக்குறைய ரெண்டு மடங்காகிவிட்டது. 2011-ல் ஒரு கிலோ ஷீட் விற்று வாங்கிய சாமானை 2024-ல் வாங்க 480 ரூபாயாவது வேண்டும். பால்வெட்டுக் கூலி அன்றைக்கு என்ன, இன்றைக்கு என்ன என்று உங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துப் பாருங்கள். பழைய விலையையும் புது விலையையும் ஒப்பிடும் எந்தச் செய்தியிலும், நடுவில் ஓடிய வருடங்களுக்கான விலைவாசியைச் சேர்த்தார்களா என்று நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

சராசரி என்ற சொல்லிலும் ஒரு குழி இருக்கிறது. முட்டத்தில் பத்து வள்ளம் கரை ஏறுகிறது, ஒன்பது வள்ளத்துக்குத் தலா 2,000 ரூபாய்க்கு மீன்பாடு, ஒன்றுக்கு மட்டும் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் சராசரி 11,800. அந்தக் கரையில் 11,800 ரூபாயை எந்த வள்ளமும் பார்க்கவில்லை. வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் 2,000 என்பார். சராசரி வருமானம், சராசரி சம்பளம் என்று வரும்போது நடுவில் நிற்பவர் யார் என்று கேளுங்கள். அதேபோல் சின்ன எண்களில் சதவீதம் பார்க்காதீர்கள், ஒரு சந்திப்பில் போன வருடம் ரெண்டு விபத்து இந்த வருடம் ஐந்து என்றால் 150 சதவீதம் உயர்வு என்று தலைப்பு வரும், ஆனால் ரெண்டும் ஐந்தும் சும்மாவே அப்படி மாறக்கூடிய எண்கள். ஐந்தாறு வருடத்து எண்களைச் சேர்த்துப் பார்த்த பிறகு பேசலாம்.

ரெண்டு எண்களை ஒன்றோடொன்று மோதவிடுவதும் நல்ல பயிற்சி. மாவட்டப் பரப்பளவு ஓரிடத்தில் 1,672 சதுர கிலோமீட்டர் என்றிருக்கும், இன்னோரிடத்தில் 1,684. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்லும் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். 18,70,374-ஐ ரெண்டாலும் வகுத்துப் பாருங்கள், முதலாவதில் 1,119 வரும், ரெண்டாவதில் 1,111. ஆக கணக்கெடுப்புக்காரர்கள் எந்தப் பரப்பை எடுத்தார்கள் என்று யாரையும் கேட்காமலே தெரிந்துவிட்டது. மாநில அடர்த்தி 555, நாம் சரியாக ரெண்டு மடங்கு நெருக்கத்தில் வாழ்கிறோம். பேருந்தில் இடம் கிடைக்காததற்கு இது காரணமா என்பது வேறு விஷயம்.

ஒரு வகை எண்ணில் மட்டும் அவசரப்பட்டுக் கணக்குப் போடாதீர்கள். பேரிடரின் முதல் சில நாள் எண்கள். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் காணாமல் போன மீனவர்கள் எத்தனை பேர் என்று அரசு சொன்ன எண்ணும் கடற்கரை ஊர்கள் சொன்ன எண்ணும் வாரக்கணக்கில் ஒத்துப்போகவில்லை. ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகள் நாள்கணக்கில் கடலிலேயே தங்கும், நம் ஊர்க்காரர்கள் பலர் கேரளத் துறைமுகங்களிலிருந்து கிளம்பியவர்கள், யார் எந்தப் படகில் என்பது பங்குக் கோயிலில் வீடு வீடாகக் கேட்டு எழுதிய பட்டியலில்தான் இருந்தது. அன்று எண்ணியது யார், எதை எண்ணினார்கள், எதுவரை எண்ணினார்கள் என்ற மூன்றையும் கேட்காமல் ஒரு எண்ணை எடுத்து இன்னொன்றோடு கழித்துப் பார்ப்பதில் பொருளில்லை. நோட்டில் தேதியோடு எழுதி வைத்துவிட்டு, மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் போதும்.

நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. விடை வந்ததும் ஒரே வரியில் எழுதுங்கள், பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சொன்னால் புரிகிற மாதிரி. எழுத வரவில்லை என்றால் உங்களுக்கே இன்னும் புரியவில்லை, மறுநாள் மறுபடி அதையே எடுங்கள். விடை தப்பானால் கிழித்துப் போடாதீர்கள், என் நோட்டில் மிகவும் பயன்பட்ட பக்கங்கள் அடித்துத் திருத்திய பக்கங்கள்தான்.

போன வாரம் சாயக்கடையில் பேச்சிப்பாறை பெரிசா பெருஞ்சாணி பெரிசா என்று சண்டை. பெருஞ்சாணிக்கு 77 அடி, பேச்சிப்பாறைக்கு 48, இதில் என்ன சந்தேகம் என்று ஒருவர் மேசையைத் தட்டினார். அக்கா மகன் நோட்டைத் திறந்து, "அடியை விடுங்க அண்ணாச்சி, எத்தனை கன அடி பிடிக்கும்னு பாருங்க, பேச்சிப்பாறைதான் பெரிசு" என்று உருளிக் கதையை ஆரம்பித்தான். எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சாயா ஆற்றிக்கொண்டிருந்தவர் மட்டும் திரும்பாமலே சொன்னார்: "கணக்கு நல்லா இருக்கு மக்கா, அந்த நோட்டில பத்து நாள் சாயாக் காசு எந்தப் பக்கத்தில இருக்கு?"